மலையேற்றமும் எண்ணெய்ப் பம்பியும்



உலகத்தார் வண்டு என்றும் இந்நாட்டார் ஆமை என்றும் செல்லமாக அழைக்கும் பழைய வொக்ஸ்வாகன் கார்கள் ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் இன்னும் ஓடக் காணலாம். 2003ஆம் ஆண்டில் மெக்சிக்கோவில் கடைசி வண்டி வெளிவந்ததோடு அவற்றின் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆகவே, இன்று எஞ்சின் ஒன்று பழுதாகிவிட்டால் அதற்கு ஈடு தேடுவது எளிதன்று.

இந்த எஞ்சினைக் குளிர்விக்க நீர் இல்லை. விசிறியின் காற்றும், உள்ளே சுற்றும் இரண்டரை லீற்றர் எண்ணெயுமே துணை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ, காற்றின் அடர்த்தி கொழும்பிலும் பார்க்க ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. றம்பொடை ஏற்றத்தை முனகி முனகி ஏறிய வண்டி மேலே வந்து நின்றதும் எண்ணெய் விளக்கு மினுங்கத் தொடங்கும். உரிமையாளர் கலங்கிப்போய், கிடைக்கும் பம்பிகளுள் மிகப் பெரியதைப் பூட்டும்படி கராஜில் கேட்டுக்கொள்கிறார். கோளாறு அங்கேதான் ஆரம்பமாகிறது.

பம்பி தருவது எண்ணெயின் அளவையே. அமுக்கம் என்பது அந்த எண்ணெய் போதிகைகளின் நுண்ணிய இடைவெளிகளில் நெருக்குண்பதால் உண்டாவது. பம்பிக்குள் இரண்டு பற்சில்லுகள் உள்ளன. அவற்றின் அகலமே பம்பியின் அளவாகக் கூறப்படுகிறது. பிற்கால வண்டிகளுக்குத் தொழிற்சாலை வைத்தது 26 மில்லிமீற்றர். சந்தையில் 30, 32 மில்லிமீற்றர் பம்பிகளும் கிடைக்கின்றன.

தை மாதத்து விடியற்காலையில் நுவரெலியாவில் உறைபனி படிந்திருக்கும்பொழுது எண்ணெய் தேன்போலத் தடித்திருக்கும். அவ்வேளையில் பெரிய பம்பி தள்ளும் எண்ணெய் முழுவதையும் அமுக்கந்தணிக்கும் வால்வு விடுவிக்க இயலாது. எண்ணெய்க் குளிர்விப்பானின் இறப்பர் அடைப்புகள் பிதுங்கும். சிலவேளை குளிர்விப்பானே வெடித்துவிடும். வேகமாக ஓடும்பொழுதோ, எண்ணெய் மேற்பகுதிகளிற் சென்று தேங்க, அடித்தொட்டி வறண்டுபோகும். பெரிய பம்பியாலேயே போதிகை எண்ணெயின்றித் தேய்வது எத்துணை விந்தை!

ஆகவே முதலிற் பழைய பம்பியைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். பற்சில்லுக்கும் மூடிக்கும் இடைவெளி 0.1 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. மூடியில் வட்டக் கோடுகள் விழுந்திருந்தால், கண்ணாடியின்மேல் எமரித் தாளை விரித்து மட்டமாகத் தேய்த்தாலே பல வண்டிகளின் நோய் தீரும். போதிகைகளே தேய்ந்திருந்தால் எந்தப் பம்பியும் அதற்கு மருந்தாகாது. எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும். சாதாரண எஞ்சினுக்கு 26 போதும். வெளியே நீண்ட குழாய்களுடன் மேலதிகக் குளிர்விப்பானும் வடிகட்டியும் பூட்டியவர்களுக்கு 30 பொருந்தும். 32 மலைநாட்டுக்கு வேண்டியதில்லை.

இன்னொன்று. 1971ஆம் ஆண்டு மாதிரியளவில் கெம் தண்டின் பற்சில்லு தட்டை வடிவிலிருந்து குழிந்த வடிவுக்கு மாறியது. ஒன்றுக்குரிய பம்பி மற்றதற்குச் சேராது. வாங்குமுன் பழைய பம்பியைக் கையோடு கொண்டுசென்று ஒப்பிடுதல் நன்று. பூட்டும்பொழுது பற்சில்லுகளுக்கிடையே வாசலீன் அப்பிவிட்டால், வெறும் காற்றை உறிஞ்சாமல் முதற் சுற்றிலேயே எண்ணெயை இழுக்கும். விளக்கு அணைந்த பிறகே எஞ்சினை வேகப்படுத்தலாம்.