ஊர் திரும்பும் கணக்கு

(அறக்கட்டளையின் குடும்பநல அமர்வில், சபரை முடித்து ஊர் திரும்பிய மூவர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மதிப்பிற்குரிய ஜமாஅத் பெரியவர்களே, சபரிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் தம்பிமார்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! இன்றைய பேச்சு உங்கள் பக்கத்துக்குத்தான் அதிகம் கேட்க வேண்டும் என்பதால் ஒலிபெருக்கியை அங்கே திருப்பி வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

நாங்கள் பயான் செய்ய வரவில்லை. எங்களுக்கு அந்தத் தகுதியும் இல்லை. துபாய் தேராவில் ஒரே அறையில் பல வருடம் கிடந்தவர்கள் நாங்கள். இரண்டடுக்குக் கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, வெள்ளிக்கிழமைக்கு ஒரு பிரியாணி. நால்வர் இருந்தோம். மூன்று பேர் திரும்பிவிட்டோம். எங்களில் தையல்காரர் 43 வயதில் வந்தார். டிரைவர் 47 வயதில் வந்தார். இன்னொருவர் 44-ல் வந்து, மறுபடி போய், 50-ல் வந்து சேர்ந்தார். அவர் கதையைப் பிறகு சொல்கிறோம். நான்காமவர் 56 வயதில் இன்னும் அங்கேதான் இருக்கிறார். எங்கள் நால்வரில் அதிகச் சம்பளம் வாங்கியவர் அவர்தான். மிகக் குறைந்த சம்பளம் தையல்காரருக்கு.

இது எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. எங்களில் டிரைவர் நிகாஹ் முடிந்த பிறகு 22 வருடம் சபரில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறை. பதினொரு விடுமுறை. ஆக, 22 வருட மணவாழ்வில் மனைவி மக்களோடு இருந்தது 22 மாதம். இதை ஒருநாள் அறையில் உட்கார்ந்து பென்சிலால் எழுதிப் பார்த்தோம். அன்றைக்கு ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டோம், ஆனால் எண் மனதிலிருந்து போகவில்லை.

அதன் பிறகுதான் செலவை ரூபாயில் எண்ணுவதை விட்டு மாதத்தில் எண்ண ஆரம்பித்தோம். மாதம் 15,000 ரூபாய் மிச்சம் பிடிக்கும் சபராளி ஒருவர் 45,000 ரூபாய்க்கு போன் வாங்கினால் அதன் விலை மூன்று மாதம். கல்யாணத்தில் சஹன் எண்ணிக்கையை ஊர் பேச வேண்டும் என்று கூட்டி, மண்டபமும் மேடை அலங்காரமும் சேர்ந்து 6 லட்சம் ஆனால், அதன் விலை நாற்பது மாதம். வாடகைக்கும் விடாமல், குடியிருக்கவும் ஆளில்லாமல் மாடி ஒன்று எழுப்பினால், 12 லட்சத்துக்கு எண்பது மாதம். ஆறு வருடம் எட்டு மாதம் அத்தா வெளியே. நம் தெருவிலேயே பாருங்கள். மேல்மாடியில் நான்கு அறை பூட்டிக் கிடக்கும். கீழே வயதான உம்மாவும் ஒரு வேலைக்காரப் பெண்ணும். அந்த அறைகளைக் கட்டியவர் அங்கே எட்டுப் பேரோடு ஓர் அறையில்.

மேலைநாடுகளிலும் இப்படி எண்ணுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஜோ டொமிங்குவெஸ் என்பவர் 31 வயதிலேயே வேலையை விட்டவர். விக்கி ராபினோடு சேர்ந்து அவர் எழுதிய புத்தகம் 1992-ல் வந்தது. பணம் என்பது நாம் நம் ஆயுளைக் கொடுத்து வாங்குவது என்பதே அவர்கள் வாதம். இப்போது அங்கே இளைஞர்கள், ஒரு வருடச் செலவின் 25 மடங்கு சேர்ந்துவிட்டால் வேலையை விடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் வட்டிப் பத்திரங்களும் கலந்திருப்பதால் அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆயுளை விலையாக எண்ணும் பார்வையை எடுத்துக்கொள்ளலாம்.

சிக்கனம் இரண்டு பக்கம் வேலை செய்யும் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஒருவர் மாதம் 40,000 ரூபாய் ஊருக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் 32,000 செலவாகி 8,000 மிஞ்சினால், நான்கு வருடம் உழைத்தால் ஒரு வருடம் வீட்டில் இருக்கப் பணம் சேரும். அதே வீடு 20,000 ரூபாயில் ஓடினால் ஒரு வருட உழைப்புக்கு ஒரு வருடம் சேரும். இருபது வருடச் சபரில் முன்னவர் சேர்ப்பது ஐந்து வருடச் செலவு, பின்னவர் சேர்ப்பது இருபது வருடச் செலவு. சம்பளம் இருவருக்கும் ஒன்றே. செலவைக் குறைத்தால் சேமிப்பும் கூடுகிறது, நாளைக்குத் தேவைப்படும் தொகையும் குறைகிறது. எங்கள் நான்காம் தோழர் சம்பளம் உயர உயர வீட்டுச் செலவையும் உயர்த்திக்கொண்டே போனார். அதனால் ஊர் திரும்ப அவருக்குத் தேவைப்பட்ட தொகை வருடா வருடம் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. திர்ஹம் விலை ஏறுகிறதே என்று ஆறுதல் சொல்வார். 2008 வாக்கில் 12 ரூபாய் ஒட்டி இருந்த திர்ஹம் 2024-ல் 22 ரூபாய்க்கு மேல் இருந்தது உண்மைதான். ஊரில் அரிசியும் பள்ளிக்கூடக் கட்டணமும் கொத்தனார் கூலியும் மட்டும் நின்றா இருந்தன?

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். ஆரம்பத்தில் நாங்கள் சிக்கனத்தைத் தப்பான இடத்தில் பிடித்தோம். வாயைக் கட்டினோம். குப்பூஸும் தயிரும், குப்பூஸும் பருப்பும். வெயிலில் வேலை செய்துவிட்டுத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல், எங்களில் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் வந்து, மிச்சம் பிடித்ததெல்லாம் மருத்துவமனைக்குப் போனது. அறையில் இருக்கிறவன் ஏற்கெனவே எலும்பும் தோலுமாகத்தான் வாழ்கிறான். அங்கே இறுக்க இனி ஒன்றும் இல்லை. செலவு முடிவாவது ஊரில், அதுவும் பெரும்பாலும் பிறர் கண்ணுக்காக. பெற்றோருக்குக் கொடுப்பதையும், ஏழை உறவினருக்குக் கொடுப்பதையும், சதக்காவையும் குறைத்து மிச்சம் பிடிக்கச் சொல்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். கையைக் கழுத்தில் கட்டிக்கொள்வதையும் மார்க்கம் விரும்பவில்லை, முழுக்க விரித்துவிடுவதையும் விரும்பவில்லை.

தையல்காரர் வீட்டில் கணக்கு வைத்திருந்தது அவர் மனைவி. பள்ளிக்கூட நோட்டு ஒன்று. இடது பக்கம் செலவு, வலது பக்கம் சிவப்பு மையில் அது எத்தனை நாள் சபர் என்று எழுதுவார். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஊர் வழக்கப்படி செய்ய வேண்டிய சீர் பேச்சு வந்தபோது, மாமியாரிடம் அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினார். "மாமி, இது உங்க மவனோட ஏழு மாசம்" என்றார். மாமியார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "மோதிரம் மட்டும் போடுவோம்" என்றார். ஊரில் பேச்சு வரத்தான் செய்தது. கஞ்சக் குடும்பம் என்றார்கள். விடுமுறைக்கு வரும்போது பெட்டி கட்டுவதையும் அவர்கள் நிறுத்தினார்கள். தெரு முழுக்கப் பால்பவுடரும் கோடாரித் தைலமும் அத்தரும் கொடுத்த வீடு, உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் என்று ஆனது. அந்த வருடம் வரவேற்க வந்த கூட்டம் பாதியாகிவிட்டது என்று தையல்காரர் இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

கைக்கூலி பற்றித் தனியாகப் பேச வேண்டும். இன்று நேரமில்லை. ஒன்று மட்டும். மாப்பிள்ளை வீடு கேட்கும் ஒவ்வொரு லட்சமும் பெண்ணின் அத்தாவுடைய மாதங்கள்தான். கேட்கிறவர்கள் பெரும்பாலும் சபராளிக் குடும்பங்களே என்பதுதான் வேதனை.

சேர்த்த பணத்தை எங்கே வைப்பது? வட்டி வேண்டாம் என்று பலர் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். சும்மா கிடக்கும் பத்து லட்சத்துக்கு வருடம் இரண்டரை சதவீதம் ஜகாத் கொடுத்துவந்தால் பத்து வருடத்தில் அது ஏறக்குறைய 7,76,000 ஆகிவிடும். விலைவாசி அரிப்பது வேறு. அநாதைகளின் செல்வத்தை ஜகாத்தே கரைத்துவிடாதபடி அதைத் தொழிலில் ஈடுபடுத்தச் சொல்லி உமர் (ரலி) அவர்களைத் தொட்டு ஓர் அறிவிப்பு உண்டு. டிரைவர் தன் வீட்டை இரண்டு அறையோடு நிறுத்திக்கொண்டு, தெருவைப் பார்த்த முன்பகுதியில் இரண்டு கடை கட்டினார். அந்த வாடகைதான் இன்று வீட்டின் மளிகைச் செலவு. தையல்காரர் இரண்டு மிஷினோடு கடை போட்டார். ஷரீஅத் நிபந்தனைகளைப் பார்த்துப் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளும் நம் நாட்டில் உண்டு. ஆலிமிடமும் விவரம் தெரிந்தவரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். லாபம் உறுதி என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வருவதைக் கேட்காதீர்கள்.

இப்போது மூன்றாமவர் கதை. 44 வயதில் திரும்பியவர், வந்த மூன்றாம் மாதமே ஒன்பது லட்சத்தை ஒரு நண்பரின் வியாபாரத்தில் கூட்டுக்குக் கொடுத்தார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. எழுதச் சொன்னால் நம்பிக்கைக் குறைவாகத் தெரியும் என்று கூச்சப்பட்டார். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியதுதான். அதை மறந்தோம். இரண்டு வருடத்தில் கடையும் இல்லை, பணமும் இல்லை. மறுபடி விசா எடுத்து, தன்னைவிடப் பாதி வயதுள்ள பையன்களோடு நான்கு வருடம். மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியதும் அந்த நான்கு வருடத்தில்தான். இங்கேயே அமர்ந்திருக்கிறார். சொல்லச் சொன்னதும் அவர்தான். திரும்பியவுடன் ஒரு வருடத்துக்குப் பெரிய முதலீடு எதையும் செய்யாதீர்கள் என்பது அவர் வாய்மொழி.

யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்து அரசனின் கனவுக்கு விளக்கம் சொன்னபோது, ஏழு செழிப்பான வருடத்தில் உண்பதற்குத் தேவையான சிறிதளவு போக மற்றதைக் கதிரிலேயே விட்டுவைக்கும்படி சொன்னார்கள். நம் சபர் வருடங்கள்தான் அந்தச் செழிப்பான ஏழு. அது முடியும் என்று தெரிந்தவர்களாக நாம் செலவு செய்வதில்லை.

தம்பிமார்களுக்கு இரண்டு விவரம். அமீரகத்தில் வேலை முடிவில் கிடைக்கும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் போடப்படும். அறை வாடகையும் படியும் சேராது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம், அதற்கு மேல் வருடம் 30 நாள். அடிப்படை 1,500 திர்ஹம் உள்ளவருக்குப் பதினைந்து வருடத்துக்கு 405 நாள், அதாவது 20,250 திர்ஹம். ஒப்பந்தத்தில் அடிப்படை எவ்வளவு என்று இன்றைக்கே பாருங்கள். இன்னொன்று மருத்துவம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தகுதியுள்ளவர்கள் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கத் தெரியாதவர்களுக்கு அறக்கட்டளை அலுவலகத்தில் உதவுகிறார்கள்.

ஓய்வு என்றதும் திண்ணையில் படுத்திருப்பது என்று நினைக்க வேண்டாம். நாங்கள் மூவரும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகளோடு சோறு சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். முதல் வருடம் அதுவும் சுலபமாக இல்லை. பிள்ளைகள் எங்களிடம் அனுமதி கேட்கவே மறந்துவிடுவார்கள். உம்மாவிடம்தான் கேட்பார்கள். வீட்டில் எங்களுக்கென்று ஒரு இடம் உண்டாக ஒரு வருடம் பிடித்தது. பத்து வருடம் கழித்து வந்திருந்தால் அதற்கும் வழி இருந்திருக்காது, பிள்ளைகளே வெளியூர் போயிருப்பார்கள்.

நான்காம் தோழரிடம் போன வாரம் போனில் பேசினோம். மாடிக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை பாக்கி இருக்கிறதாம், அது முடிந்ததும் வருகிறாராம். டைல்ஸ் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்று சொல்லும்படி அவர் வீட்டாரிடமும் பேசியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. துஆ செய்யுங்கள்.

வாசலில் நோட்டுப் புத்தகங்கள் அடுக்கி வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம், விலை இல்லை. சிவப்புப் பேனா மட்டும் நீங்கள் வாங்க வேண்டும். கணக்குப் போடத் தெரியாத பாட்டிமார்கள் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு வாருங்கள், நாங்கள் மூவரும் அலுவலகத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.