விசேஷ தினத்தில் தவறும் வெளிச்சம்



வெள்ளாற்றங்கரையிலுள்ள எங்கள் பெண்ணாடத்தில் பிரளயகாலேசுவரர் கோயில் கொண்டிருக்கிறார். பொங்கி வந்த வெள்ளத்தைத் தடுப்பதற்காக ஈசனை நோக்காமல் எதிர்த்திசையில் திரும்பியதாகப் புராணம் சொல்லும் நந்தியை நாங்கள் சிறு வயது முதலே பார்த்து வந்திருக்கிறோம். ஆகவே, ஃபோர்ட்நைட் என்ற இணைய விளையாட்டில் 2019 அக்டோபரில் ஒரு தீவு முழுவதும் கருந்துளைக்குள் இழுக்கப்பட்டு, ஒரு நாளுக்கு மேலாகத் திரையில் அந்தக் கருமை மட்டுமே நின்றதென்று ஊர்ப் பிள்ளைகள் சொன்னபோது, பிரளயம் எனக்கு ஆச்சரியமளிக்கவில்லை. விளையாட்டுக்குள் விழா நடக்கும் இத்தகைய நாட்களில் வெளிச்சத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதே என் சந்தேகமாக இருந்தது.

ஏனெனில், சாமானிய தினங்களில் ஒழுங்காக இருக்கும் விளையாட்டுச் சூரியன், விழா நாளில்தான் விபரீதங்கள் செய்கிறான். மூடிய அறையின் மூலையில் வெளிச்சம் கசிகிறது. நள்ளிரவு வானத்தின் கீழ் நிற்கும் வீட்டுத் தாழ்வாரத்தில் நடுப்பகலின் நிழல் கிடக்கிறது.

இதற்குக் காரணம் அவகாசமின்மை. நொடிக்கு அறுபது படங்கள் காட்டவேண்டுமானால், ஒரு படத்தைத் தீட்டக் கிடைப்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் பதினேழு பங்குகூட இல்லை. அதற்குள், ஒளி சுவரில் பட்டுத் தரையில் தெறித்துக் கூரைக்குப் போவதையெல்லாம் கணக்கிடுவது சிறிய கருவிக்கு இயலாதாகையால், அந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு, விடையைச் சுவரின்மேலேயே ஒட்டிவைத்துவிடுகிறார்கள். 1996-இல் வெளிவந்த குவேக் விளையாட்டிலேயே இந்த உபாயம் உண்டு. பழைய நாடகக் கம்பெனிகளின் வனக்காட்சித் திரையில் மரத்தோடு சேர்த்து மரநிழலையும் தீட்டியிருப்பார்களே, அதைப் போன்றது இது. விளக்கை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் திரையிலுள்ள நிழல் நகர்வதில்லை.

அசையும் பொருள்களின் நிழலுக்கு வேறு வழி. லான்ஸ் வில்லியம்ஸ் என்பவர் 1978-இல் சொன்னபடி, இயந்திரம் முதலில் சூரியன் இருக்குமிடத்திலிருந்து உலகத்தைப் பார்த்து, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று ஒரு படத்தில் குறித்துக்கொள்கிறது. சூரியனுக்குத் தெரியாத இடமெல்லாம் நிழல். நேர்த்தியான யோசனைதான்! ஆனால் அந்தப் படம் கட்டம் கட்டமானது. விழாவுக்காகச் சூரியனை மளமளவென்று சாய்த்தால், நிழலின் ஓரங்கள் பல்பல்லாய்த் தெரிந்து எறும்புச்சாரியாய் ஊர்கின்றன.

கார்த்திகைக்குத் திண்ணையில் இருபது அகல் ஏற்றினால் இருபதும் தம் பங்கு ஒளியைத் தருகின்றன. கைப்பேசி விளையாட்டுகளுக்குப் பெரிதும் பயன்படும் யூனிட்டி என்ற கட்டமைப்பின் ஒரு முறையிலோ, பிரதான விளக்கைத் தவிர ஒரு பொருளின்மேல் எட்டு விளக்குகளுக்கு மேல் படாது. ஒன்பதாவது விளக்கின் அருகே ஆட்டக்காரன் ஓரடி வைத்ததும், அது வந்து ஒட்டிக்கொள்ள, வேறொன்று பட்டென்று விலகுகிறது. திருவிழா விளக்குகள் கண்சிமிட்டுவதாகப் பிள்ளைகள் முறையிடுவதில் பாதி இந்தச் சிக்கனத்தின் விளைவே.

2020 ஏப்ரலில் ட்ராவிஸ் ஸ்காட் என்ற பாடகரின் கச்சேரி ஃபோர்ட்நைட்டிலேயே நடந்தபோது, ஒரே சமயத்தில் ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சம் பேர் கூடினார்கள்; பத்து நிமிஷ நேரத்துக்குள் கடற்கரை நீருலகமாகவும், நீருலகம் விண்வெளியாகவும் மாறின. அத்தனை விதமான கருவிகளிலும் ஒரே மாதிரி ஒளி விழவேண்டுமென்று எதிர்பார்ப்பதே பேராசை என்று எனக்குத் தோன்றுகிறது. 2022 டிசம்பரிலிருந்து அந்த விளையாட்டில் ஒளியின் தெறிப்பை அந்தந்தக் கணமே கணக்கிடும் லூமென் என்ற முறை வந்துவிட்டது. ஆனால் அது விலையுயர்ந்த கணினிகளுக்கும் புதிய விளையாட்டுப் பெட்டிகளுக்குமே உரியது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் இருப்பவை மலிவான கைப்பேசிகள். அவர்கள் கிராபிக்ஸ் செட்டிங்கில் நிழலை அறவே அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறார்கள். ஏன் தம்பி, அழகு கெடவில்லையா என்று கேட்டால், "நெழலு இல்லன்னா லேக் ஆகாது சார், எதிரியும் பளிச்சுன்னு தெரிவான்" என்று விடை வருகிறது.