சேம்பிலைத் துளியும் கணிப்பொறியும்



காலையில் பெரட்டுக்குப் போகிறவர்கள் கால்வாய் ஓரத்துச் சேம்பிலையைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் நீர் முத்துப்போல் உருண்டு நிற்கும். இலையைச் சற்றே சாய்த்தால் ஈரம்கூடப் படாமல் ஓடிவிடும். அதே நீரைச் சுத்தமான கண்ணாடியில் விட்டாலோ பரவி ஒட்டிக்கொள்ளும். நீர் ஒன்றுதான், நடத்தை ஏன் இரண்டு?

நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. அடியில் இருக்கும் பரப்பும் அவற்றைத் தன் பக்கம் இழுக்கிறது. கண்ணாடியின் இழுப்பு வலிது. சேம்பிலையின் மெழுகுக்கு அந்த வலு இல்லை. போதாக்குறைக்கு, இலை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுகள். அவற்றிடையே காற்று தங்குகிறது. துளி அந்த மேடுகளின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் பெரும்பகுதி வெறும் காற்றுதான்.

துளியின் ஓரம் பரப்பைத் தொடும் இடத்தில் உள்ள சாய்வுக்குத் தொடுகோணம் என்று பெயர். இதை இங்கிலாந்து அறிஞர் தாமஸ் யங் 1805-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். கோணம் சிறிதானால் நீர் பரவும். 90 பாகையைத் தாண்டினால் உருண்டு திரளும்.

ஆனால் மூலக்கூறுகள் உள்ளே என்ன செய்கின்றன என்பதைக் கண்ணால் காண முடியாதே! இங்கேதான் கணிப்பொறி வருகிறது. அதற்குள் ஒரு சொட்டு நீரும் கிடையாது; எண்கள்தாம். ஒவ்வொரு மூலக்கூறும் எங்கே இருக்கிறது, பக்கத்தில் உள்ளவை அதை எவ்வளவு இழுக்கின்றன, எவ்வளவு தள்ளுகின்றன என்று கணக்கிட்டு, இமைப்பொழுதிலும் மிகச் சிறிய நேரத்தில் அது எங்கே நகரும் என்று கண்டுபிடிக்கும். பிறகு மறுபடி முதலிலிருந்து கணக்கு. இப்படி லட்சக்கணக்கான தடவை!

ஐதராபாத்தில் பிறந்த அனீசூர் ரகுமான், அமெரிக்காவில் 1964-இல் திரவ ஆர்கானின் 864 அணுக்களை இவ்வாறு கணக்கில் ஓடவிட்டுக் காட்டினார். 1971-இல் அவரும் ஸ்டில்லிங்கரும் 216 மூலக்கூறுகளைக் கொண்டு நீரையே ஆராய்ந்தனர். 216 தானா என்று சிரிக்க வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் துளியில் ஒரு லட்சம் கோடி கோடிக்கு மேல் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் நீரின் குணங்கள் பல அந்தச் சின்னக் கூட்டத்திலேயே தெரிந்துவிட்டன. இன்று ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் கொண்ட துளியை ஒரு பரப்பின்மேல் வைத்து, அது பரவுமா, உருளுமா என்று திரையிலேயே பார்க்கிறார்கள். கணக்கில் வந்த கோணத்தை உண்மைத் துளியின் கோணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அதை நம்புவார்கள்.

இதனால் நமக்கென்ன? முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து களைக்கு மருந்து அடிக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். மெழுகு படிந்த இலையில் மருந்து நில்லாமல் வழிந்தால் களை சாகாது. மருந்து மண்ணுக்கும் காலுக்கும் போய்ச் சேரும். அதற்காகவே சவர்க்காரம் போன்ற ஒரு பொருளை அதில் சேர்க்கிறார்கள். அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை நீரை நாடும். மறுமுனை மெழுகை நாடும். இரண்டுக்கும் இடையில் நின்று அது துளியைப் பரப்பிவிடுகிறது. எந்தப் பொருள் எப்படிப் பரப்புகிறது என்பதையும் கணிப்பொறியில் ஆராய்கிறார்கள்.

அந்தப் பொருளுக்கோ இலை எது, நம் தோல் எது என்று தெரியாது. இலையில் பரவும் கலவை கையிலும் பரவும். வெறும் தண்ணீர் உருண்டு விழும் துணியிலும் ஊறி இறங்கிவிடும். பாராகுவாட் மருந்தை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. மற்ற மருந்துகள் இன்னும் இருக்கின்றன. வீட்டுச் சவர்க்காரத்தை நாமாகவே மருந்தில் கலக்கக் கூடாது என்பதும், மருந்து அடித்த உடையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்து ஊறவைக்காமல் தனியே துவைக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.