நெய்ப்பந்தத்துக்குப் பின்



பேரன் பேத்தி எடுத்து நிறைவாழ்வு வாழ்ந்தவரின் மறைவைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் ‘கல்யாணச் சாவு’ என்பார்கள். கொட்டும் வேட்டும் பூப்பல்லக்குமாக நடக்கும் அந்த இறுதிப் பயணத்தில் கொள்ளி வைப்பது மகனின் உரிமை, கோடி போடுவது பிறந்த வீட்டாரின் கடமை என்று வகுத்திருக்கும் வழக்கம், பேரப்பிள்ளைகளுக்கென்று நெய்ப்பந்தம் பிடிப்பதை ஒதுக்கியிருக்கிறது. குச்சியில் துணி சுற்றி, நெய்யில் நனைத்துக் கொளுத்தி, உடலைச் சுற்றி அவர்கள் பிடித்து நிற்கும் விளக்கே நெய்ப்பந்தம். அது சில நிமிடங்களில் அணைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் பதினாறாம் நாள் காரியமும் ஆண்டுத் திவசமும் பெரும்பாலும் மகனின் பொறுப்பாகவே நடப்பதால், பாட்டியை நினைவில் வைத்திருக்கப் பேரனும் பேத்தியும் செய்யத்தக்கது எது என்பதற்குச் சடங்கில் விடை இல்லை. எழுதவும் ஆராயவும் பயின்றவர்கள் கூடியிருக்கும் இந்தப் பட்டமளிப்பு அரங்கில் அக்கேள்வியை எழுப்புவது பொருத்தமே.

அரசகுலத்துப் பெண்களுக்கு அந்த விடையைக் கல்லும் செம்பும் தந்தன. கண்டராதித்த சோழரின் தேவியும், செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக, அதாவது கருங்கல் கோயில்களாக, மாற்றியவருமான செம்பியன் மாதேவிக்கு, அவர் பெயரால் அமைந்த ஊரின் கோயிலிலேயே 1019-ஆம் ஆண்டில், இராசேந்திர சோழனின் ஆட்சியில், படிமம் எழுந்தருளுவிக்கப்பட்டது. உறவுமுறையில் இராசேந்திரனுக்கு அவர் கொள்ளுப்பாட்டி. மற்ற வீட்டுக் கொள்ளுப்பாட்டிகளுக்குக் கல்வெட்டு இல்லை. பலருக்குப் பெயரே பதிவாகவில்லை. 1951–52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரானபோது, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்பதற்கு மேல் தம் பெயரைச் சொல்ல மறுத்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பீகார், ராஜஸ்தான் போன்ற வட மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் என்று தமிழர்கள் ஆறுதல் கொள்ளலாம் என்றாலும், தாய்வழிப் பூட்டியின் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் தயங்காமல் சொல்லக்கூடியவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர் என்று கேட்டால் அந்த ஆறுதல் நிலைக்காது. தெருமுனையில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்தாலே போதும்: ‘மறைவு’ என்பதன் கீழ் நாளும் நேரமும் இருக்கும், ‘தோற்றம்’ என்பதன் கீழ் ஆதார் அட்டைக்காக யாரோ உத்தேசமாகச் சொன்ன ஜனவரி 1 இருக்கும், அல்லது வெற்றிடம் இருக்கும்.

சாதாரணப் பாட்டியின் வாழ்க்கை ஓரளவு விரிவாகச் சொல்லப்படும் இடம் ஒப்பாரி ஒன்றுதான். பிலாக்கணம் என்றும் வழங்கும் இப்பாட்டைப் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து, தலை கவிழ்ந்து, வட்டமாக இருந்து பாடுகிறார்கள். பொன், முத்து, மாளிகை என்று வழிவழியாக வரும் உவமைகள் ஒரு சட்டமாக நிற்க, இறந்தவர் வைத்த மரம், வளர்த்த மாடு, பிள்ளைப்பேற்றுக்கு வந்த மகளுக்கு இடித்துக் கொடுத்த மருந்து ஆகியவற்றைப் பாடுபவர் அந்தக் கணத்திலேயே அதற்குள் இட்டு நிரப்புகிறார். வியப்புக்குரியது வேறொன்று. ஒப்பாரி இறந்தவரை மட்டும் பாடுவதில்லை. தாய்வீட்டுப் படி இனி ஏற முடியாது, அண்ணி முகம் கொடுக்கமாட்டாள், சீர் கொண்டுவர ஆளில்லை என்று பாடுபவரின் சொந்த வழக்குகளும் அதில் ஊரறிய வைக்கப்படுகின்றன, சாவு வீட்டில் அழுபவளை யாரும் அடக்க முடியாது என்பதால். ஆகவே பாட்டிக்காக ஓர் அத்தை பாடும் ஒப்பாரியை அழுகை என்று ஒதுக்குவது பிழை. ஒரு குடும்பத்தின் சொத்துப் பங்கீடும் மனத்தாங்கலும் அதில் பதிவாகின்றன. இரங்கற்கூட்டத் தீர்மானங்களில் இந்த நேர்மையைத் தேடிப் பயனில்லை.

இத்தகைய பாடல்கள் அச்சேறாமல் இல்லை. ஆங்கிலேய அதிகாரி பெர்சி மக்வீன் திரட்டியவை கி.வா. ஜகந்நாதனின் பதிப்பில் 1958-இல் ‘மலையருவி’யாகவும், நா. வானமாமலையும் அவருடைய நண்பர்களும் திரட்டியவை 1964-இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ என்ற தொகுப்பாகவும் வெளிவந்தன. பின்னதில் பல பாடல்களின் அடியில் சேகரித்தவர் பெயரும் இடமும் தரப்பட்டிருப்பது அக்காலத்துக்கு மிக உயர்ந்த பதிப்பொழுக்கம். எனினும் பொதுவாக நாட்டுப்புறப் பாடல் தொகுதிகளில் பாடிய மூதாட்டி யார், அவர் யாருக்காக அதை முதலில் பாடினார் என்ற செய்திகள் பல இடங்களில் விடுபட்டுப் போயின. பாட்டு நூலகத்துக்கு வந்தது, பாட்டி வரவில்லை.

அந்த விடுபாட்டை வெளியார் நிரப்ப முடியாது. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடும் உறவினருள் பாட்டியின் தங்கையோ நாத்தனாரோ ஒருவர் இருப்பார். பாட்டி பிறந்த ஊர், எந்தப் பஞ்சத்திலோ வெள்ளத்திலோ அவர் பிறந்ததாகச் சொல்லப்பட்டது, எத்தனை பிள்ளைகள் தங்கவில்லை, படையலில் அவருக்கென்று வைக்கவேண்டிய பண்டத்தின் பக்குவம் எது என்பவற்றை அவரைக் கேட்டு எழுதிக்கொள்ளப் பேத்திக்குத் தடையில்லை. ஒப்பாரியைப் பதிவு செய்வதில்தான் கவனம் தேவைப்படுகிறது. அழுதுகொண்டிருப்பவர் முன் கைப்பேசியை நீட்டுவது முறையன்று. பிறகொரு நாள் கேட்டாலோ, சாவு நிகழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடினால் ஆகாது என்று மூதாட்டிகள் மறுப்பார்கள் என்பதைக் களப்பணிக்குச் சென்றவர்கள் அறிவார்கள். ஆதலால் களத்துமேட்டுக்கோ தோப்புக்கோ அழைத்துச் சென்று பாடச் சொல்வதும், பாடியவர் பெயரையும் வயதையும் ஊரையும் அவர் சம்மதத்துடன் குறித்துக்கொள்வதும், அண்ணியைப் பற்றிய அடிகளை அண்ணி உயிரோடு இருக்கும்வரை வெளியிடாமல் வைத்திருப்பதும் நல்லது.