மீண்டும் தோற்றுவது எப்போது?

(உயர்தர வகுப்பு மாணவருக்கெனச் சங்க மண்டபத்தில் நிகழ்ந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைத் தேடி வந்தபோது, வழக்கம்போலச் சமயப் பொருள் ஒன்றைத்தான் கேட்பார் என்று நினைத்தேன். அவரோ, "ஐயா, பெறுபேறு வந்த நாளிலிருந்து எங்கள் அங்கத்தவர் நாலைந்து பேர் முகங்கொடுத்துக் கதைக்கிறார்களில்லை. கோயிலடிக்கும் வருகிறார்களில்லை. அவர்களுக்குப் பயன்படுமாறு ஏதேனும் சொல்லுங்கள்" என்றார். அந்த நாலைந்து பேரும் இன்று பின்வரிசையில் இருக்கின்றார்கள். அவர்களுக்காகவே பேசுகின்றேன், மற்றையோர் பொறுத்தருள்க.

உயிரியல் விஞ்ஞானப் பிரிவிற் படித்து மருத்துவ பீடத்துக்குச் சிறிது தூரத்தில் நின்றுவிட்ட பிள்ளை கேட்கும் கேள்வி ஒன்றே: "மறுபடி எப்போது எடுப்பது?" எடுக்கலாமா என்று கேட்பவர் குறைவு. வீட்டார் அதை முன்னமே தீர்மானித்து விடுகின்றார்கள். வரும் பரீட்சைக்கேயா, அடுத்ததற்கா என்பதையோ ஒருவரும் ஆற அமர இருந்து யோசிப்பதில்லை. நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

விதியை முதலிற் சொல்லி விடுகின்றேன். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்றலாம். அதற்கு மேல் இல்லை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் ஒரே தடவையிலேயே சித்தியடைந்திருக்க வேண்டும். முதல் முறை பெற்ற நல்ல உயிரியலையும் இரண்டாம் முறை பெற்ற நல்ல பௌதிகவியலையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்ட இயலாது. மீண்டும் தோற்றுபவன் மூன்றையும் மீண்டும் உழுதாக வேண்டும். ஆகவே "சும்மா எழுதிப் பார்ப்போம்" என்று மண்டபத்துக்குட் போவது, விதைநெல்லை எடுத்துப் பொங்கி உண்பதற்கு ஒப்பாகும். பொங்கல் அன்றைக்கு இனிக்கும். விதைப்புக் காலத்திற் கை வெறுமையாக இருக்கும்.

நிற்க. கால அட்டவணையைப் பாருங்கள். 2019 வரை பரீட்சை ஓகஸ்ட் மாதத்தில் நடந்தது. பெறுபேறு ஆண்டு முடிவில் வரும். அடுத்த ஓகஸ்டுக்கு ஏழு மாதத்துக்கு மேல் இருக்கும். பெருந்தொற்றுக்குப் பின் அந்த ஒழுங்கு குலைந்தது. 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியிலேயே தொடங்கிற்று. பெறுபேறு 2022 ஓகஸ்ட் 28இல் வந்தது. அடுத்த பரீட்சை 2023 சனவரி 23இல். ஐந்து மாதமும் இல்லை. அதன் பெறுபேறு 2023 செப்டெம்பர் 4இல். அடுத்தது 2024 சனவரி 4இல். சரியாக நான்கு மாதம். பின்னர் சிறிது இளகியது: 2024 மே 31இற் பெறுபேறு, நவம்பர் 25இற் பரீட்சை, 2025 ஏப்ரல் 26இற் பெறுபேறு, நவம்பர் 10இற் பரீட்சை.

இந்தத் திகதிகளை எதற்காக ஒப்புவிக்கின்றேன்? பெறுபேற்றைப் பார்த்த பின் புத்தகத்தை விரிப்பவனுக்கு நாலு மாதமோ ஆறு மாதமோதான். பரீட்சை முடிந்த அடுத்த மாதமே விரிப்பவனுக்கு அதனினும் இருமடங்கு உண்டு. காத்திருக்கும் மாதங்கள்தாம் உண்மையான மாதங்கள். கடைசித் தாள் எழுதி வீடு வந்த அன்று இரவே, எந்த வினாவை விட்டோம், எதை ஊகித்து எழுதினோம், எங்கே நேரம் போதவில்லை என்று ஒரு தாளிற் குறித்து வையுங்கள். ஒரு கிழமை போனால் மனம் அதை மறைத்துவிடும். எல்லாம் நன்றாகச் செய்ததாகவே தோன்றும்.

ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. என்னிடம் இரசாயனவியல் படித்தவள். முதல் முறை குறைந்தது சொற்ப புள்ளிதான். "சேர், வெட்டுப்புள்ளி வரட்டும், பிறகு பார்ப்பேன்" என்றாள். தகப்பனாரும் அதையே சொன்னார். வெட்டுப்புள்ளி பெறுபேற்றோடு வருவதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதைச் சில மாதங்கள் கழித்தே வெளியிடும். அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முடிவுத் திகதி பெரும்பாலும் அதற்கு முன்னரே கடந்துவிடும். அவள் விண்ணப்பத்தை மட்டும் போட்டுவைத்து, புத்தகத்தைத் தொடாமற் காத்திருந்தாள். வெட்டுப்புள்ளி வந்தபோது இடம் இல்லை. பரீட்சைக்கோ ஆறு கிழமை. போய் எழுதினாள். முதல் முறையிலும் பார்க்கக் குறைவு. மூன்றாம் முறைதான் மருத்துவ பீடம் கிடைத்தது. இரண்டாவதை அவள் எழுதாமல் விட்டிருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது. அதை அன்றைக்கு அவளுக்கு அழுத்திச் சொல்லாத குறை என்னுடையது.

இனி வெட்டுப்புள்ளி என்பது என்ன என்று பார்ப்போம். உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவது இசட் புள்ளி. மூன்று பாடத்துக்கும் கண்டு சராசரி எடுக்கின்றார்கள். 2001ஆம் ஆண்டுப் பரீட்சை தொட்டு இதுவே முறை. ஆதலால் "போன வருடம் எழுபது எடுத்தவனுக்குக் கிடைத்தது, எனக்கும் கிடைக்கும்" என்ற கணக்குச் செல்லாது. தாள் கடினமான ஆண்டில் அறுபதும் உயரும். இலகுவான ஆண்டில் எழுபத்தைந்தும் தாழும்.

அனுமதி நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமைப்படி. 55 மாவட்டப்படி, சனத்தொகைக்கு ஏற்ப. 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. 1971இல் மொழிவழித் தரப்படுத்தல் வந்து, 1974இல் மாவட்டப் பங்கீடு வந்த கதையை இங்குள்ள பெரியோர் என்னிலும் நன்றாக அறிவர். யாழ்ப்பாணம் அதனால் இழந்தது. வன்னிக்கு ஒரு கதவு திறந்தது. கிளிநொச்சிப் பிள்ளைக்கு அந்தக் கதவும் உடனே திறக்கவில்லை. 1984இல் தனி மாவட்டம் ஆகும்வரை அவர்கள் யாழ்ப்பாண மாவட்டத்தோடே எண்ணப்பட்டார்கள். அந்த நியாய அநியாயத்தை இன்னொரு நாள் பேசலாம்.

நமக்கு இதில் வேண்டிய செய்தி வேறு. சனத்தொகை சிறிய மாவட்டத்துக்கு மருத்துவ இடங்கள் விரலால் எண்ணத்தக்கவையே. இடம் சிலவாக இருக்கும்போது வெட்டுப்புள்ளி நிலையாக நில்லாது. கெட்டிக்காரப் பிள்ளைகள் மூவர் ஒரே ஆண்டில் வந்தால் மேலே போகும். அடுத்த ஆண்டு இறங்கும். கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளி பெரிய குளத்து நீர்மட்டம் போல மெல்ல அசையும். நமது வெட்டுப்புள்ளி கேணி நீர் போல, நாலு வாளி அள்ளினாலே தெரியும். எனவே சென்ற ஆண்டின் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு "நான் இவ்வளவுதான் குறைவு" என்று கணக்குப் போடாதீர்கள். நாலைந்து ஆண்டு வெட்டுப்புள்ளிகளை எடுத்து, அவற்றுள் மிக உயர்ந்ததையும் தாண்டும் வழி உண்டா என்று பாருங்கள். இன்னொன்று: எந்த மாவட்டத்தின் பேரில் எண்ணப்படுவீர்கள் என்பது படித்த பாடசாலையையும் படித்த ஆண்டுகளையும் பொறுத்தது. மீண்டும் தோற்றுவதற்காக ஊர் மாறிப் பாடசாலை மாற எண்ணுபவர், ஆணைக்குழுவின் கைந்நூலை வாசித்த பின்னரே மாறுக.

பாடத்திட்டம் மாறும் ஆண்டையும் கவனிக்க வேண்டும். 2011இற் புதிய பாடத்திட்டத்தாரும் பழைய பாடத்திட்டத்தாரும் ஒரே ஆண்டில் தோற்றினார்கள். இரு கூட்டத்தையும் கலந்து இசட் புள்ளி கணித்தது வழக்காகி, 2012இல் உயர் நீதிமன்றம் தனித்தனியே கணிக்கப் பணித்தது. அதுவரை பிள்ளைகள் அந்தரத்தில் நின்றார்கள். 2019இலும் பழையதும் புதியதுமாக இரண்டு தாள்கள் இருந்தன. உங்கள் பாடத்திட்டத்துக்கு இன்னும் எத்தனை பரீட்சை உண்டு என்று அறியாமல் "ஒரு வருடம் விட்டு எடுப்போம்" என்று தீர்மானிக்கக் கூடாது.

சரி, யார் உடனே எடுப்பது, யார் விட்டு எடுப்பது? என் அபிப்பிராயத்தைச் சொல்கின்றேன். ஒரு பாடம், அதிலும் ஒரு பகுதி மட்டும் வீழ்த்தியிருந்தால், வரும் பரீட்சைக்கே போகலாம். பல்தேர்வில் நேரம் போதாமை, அமைப்புக் கட்டுரை வினாவைச் சரியாக வாசியாமை என்பன போன்ற குறைகள் நாலு மாதத்திற் கடந்தகால வினாத்தாள்களை மணிக்கூடு வைத்துச் செய்தாலே தீரும். பௌதிகவியலில் அடித்தளமே இல்லை, பொறியியற் பகுதி முழுவதும் மனனம் என்றால், அது நாலு மாதத்தில் ஆகாது. அப்படிப்பட்டவர் ஒரு பரீட்சையை விட்டுவிட்டு, அடுத்ததற்கு நிதானமாக ஆயத்தஞ் செய்வதே நன்று. விட்ட பரீட்சை பிறகும் கையிலிருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2024இலும் 2025இலும் பரீட்சை நவம்பரில் வந்தது. அதற்கு முந்திய இரண்டு மாதம் காலபோக விதைப்பு. விசுவமடுப் பக்கத்துப் பையன் ஒருவன் பகலில் உழவு இயந்திரத்தோடும் இரவிற் புத்தகத்தோடும் நின்றதை நான் கண்டேன். வயலும் அரைகுறை, படிப்பும் அரைகுறை. அந்தப் போகத்துக்குக் கூலிக்கு ஆள்பிடிக்க இயலாதென்றால், அந்த ஆண்டுப் பரீட்சையை அவனுக்கு வைக்காதீர்கள். மாரிமழையும் சேர்ந்து வந்தது. 2024 நவம்பரில் தொடங்கிய பரீட்சை இரண்டாம் நாளோடு வெள்ளத்தால் நின்று டிசம்பர் 4இற் திரும்பத் தொடங்கிற்று. 2025இல் 'டித்வா' புயலால் இடைநின்ற தாள்கள் 2026 சனவரிக்குப் போயின. வெள்ளம் ஏறும் இடத்திலிருப்பவர் பரீட்சைக் காலத்திற்குப் பிள்ளையை மண்டபத்துக்கு அண்மையில் உள்ள உறவினர் வீட்டில் விடுவது நல்லது.

இரண்டாம் முறையும் மருத்துவம் தவறி வேறொரு கற்கைநெறி கிடைத்தவருக்குத்தான் மிகக் கடினமான முடிவு. அறிவியல்நகரிலே, நமது வாசலிலேயே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கின்றது. கைதடியிலே சித்த மருத்துவம். தாதியியல், மருந்தாளர் படிப்பு என்றும் உண்டு. ஒன்றிற் பதிந்துகொண்டவர் பிற்பாடு வேறொன்றுக்குப் புதிதாக விண்ணப்பிக்க இயலாது என்பது பொதுவிதி. ஆகவே பதிவுக்கு முன்னரே ஒரு கணக்குப் பாருங்கள்: முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இசட் புள்ளி எவ்வளவு ஏறியது? நன்றாக ஏறி, கோட்டுக்கு அண்மையில் நின்றால் மூன்றாவதை நம்பலாம். ஏறவே இல்லையென்றால் கிடைத்ததை இரு கையாலும் வாங்குங்கள். இதைச் சொல்லும்போது சில தாய்மாரின் முகம் சுருங்குவதைக் காண்கின்றேன். நம் ஊர்களில் வைத்தியர் என்ற சொல்லுக்கு உள்ள பாரம் எனக்குத் தெரியும். மாஞ்சோலையில் ஒரு வைத்தியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அடுத்தவர் எப்போது வருவாரென்று எத்தனை பேர் பார்த்திருக்கின்றோம்! நம் பிள்ளைகள் அங்கே வர வேண்டும் என்பதில் எனக்கு உங்களிலும் ஆசை குறைவன்று. ஆயினும் நான்காவது முறை என்று ஒன்று இல்லை.

பின்வரிசைத் தம்பிமாரே, வயது போகிறதென்று அஞ்சுகின்றீர்கள். பீடத்திற் படிப்பு ஐந்து ஆண்டு, பின்னர் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. இந்த நெடும் பயணத்தில் ஒரு வருடம் பிந்தியவரை எவரும் வேறாகப் பார்ப்பதில்லை. 2009 ஓகஸ்டில் மெனிக் பாம் முகாம்களுக்குள் இருந்தே நமது பிள்ளைகள் உயர்தரம் எழுதினார்கள். புத்தகமில்லை, விளக்கில்லை. முந்திய ஆண்டு ஓடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய காலம் அவர்கள் கையில் இருக்கவில்லை. உங்களுடையது உங்கள் கையில் இருக்கின்றது. அந்த வேற்றுமையை எண்ணிக்கொள்ளுங்கள்.

மீளாய்வுக்கு விண்ணப்பித்தவர்கள் விண்ணப்பித்ததை மறந்துவிட்டுப் படிப்பைத் தொடருங்கள், வந்தால் வரட்டும். வருகின்ற சனிக்கிழமை பின்னேரம் நான் இந்த மண்டபத்திலேயே இருப்பேன். பெறுபேற்றுத் தாளையும், எந்தப் பகுதியிற் பிழைத்தீர்கள் என்று எழுதிய குறிப்பையும் கொண்டு வாருங்கள். குறிப்பு எழுதாதவர்கள் வெள்ளிக்கிழமை இரவு இருந்து எழுதுங்கள். தகப்பனாரையோ தாயாரையோ கூட்டி வந்தால் இன்னும் நல்லது. கடைசிப் பஸ்ஸுக்கு முன் முடித்து அனுப்பி விடுகின்றேன்.