பெட்டிக்குள்ளே சரித்திரம்

(கனகம்மாசத்திரம் கூட்டத்தில் பேசியது)



ஆறாவது, ஏழாவது படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சரித்திரம் சொல்லித்தர ஆதாரம் பக்கத்திலேயே இருக்கிறது. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு, பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த தானப் பத்திரம்தான். 31 ஏடுகள். நம்ம வீட்டுப் பத்திரம் மாதிரியே எல்லையெல்லாம் சொல்லும்.

திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல்தான் ஆந்திராவிலிருந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. 1950-களில் எழுதிய பத்திரம் இருந்தால் எடுங்கள். 'சித்தூர் ஜில்லா' என்றிருக்கும். எந்த வருஷம், யார் எழுதினது, எதுக்காக என்று பிள்ளைகளே கேட்கட்டும். பத்திரம் இல்லாத வீட்டில் பாட்டி இருக்காங்களே! அவங்க சொல்வதைத் தேதி போட்டு எழுதட்டும்.

பழைய காகிதத்தை எடைக்குப் போட்டால் நம்ம ஊர்க்கதை போச்சு. நம் குழுவின் தீர்மானப் புத்தகமும் ஆதாரம்தான். பெண்கள் கூடி முடிவெடுத்ததற்கு அதுவே சாட்சி. பத்திரமா வைப்போம்.