தாங்குகிற உடம்பு என்று யார் சொன்னது?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒருநாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் விட்டுப்போன சில விவரங்கள் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் இடுப்பு வலியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள். சிரிப்பு வரும்தான். வலி என்றால் நமக்கு உடனே இலக்கியம் ஞாபகம் வருகிறது. வலியின் மொழி, வலியின் அழகியல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, யாரையும் எழுப்பாமல், இருட்டில் காலை நீவி விட்டுக்கொள்கிறார்களே நம்ம வீட்டுப் பொம்பளைங்க, அந்த வலியைப் பற்றி எந்த மாநாட்டிலாவது தீர்மானம் போட்டிருக்கிறோமா? கூலி உயர்வு கேட்டிருக்கிறோம். நிலம் கேட்டிருக்கிறோம். எல்லாம் சரி. வலிக்கு மருந்து கேட்டதில்லை.

என் அம்மா 11 வயசில் நடவுக்கு இறங்கியவர். குனிந்த இடுப்பு பொழுது சாயும்போதுதான் நிமிரும். நடவு இல்லாத மாதங்களில் செங்கல் சூளை, தலையில் பலகை. நாங்கள் மூணு பிள்ளைகள் படித்தது அந்த இடுப்பில்தான். வலி ஆரம்பித்தபோது அம்மாவுக்கு 45 வயசு இருக்கும். சரியான வைத்தியம் கிடைத்தபோது 57. நடுவில் 12 வருஷம். இந்த 12 வருஷத்தில் என்ன நடந்தது என்பதுதான் என் பேச்சு.

முதலில் அரசு ஆஸ்பத்திரி. காலை ஆறு மணி பஸ்சுக்குப் போய், சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, பதினோரு மணிக்கு டாக்டர் முன்னால் நிற்கிறார். நிற்கிறார் என்றுதான் சொல்கிறேன், ஸ்டூல் இருந்தது, உட்காரச் சொல்லவில்லை. டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன வேலை பாக்குற?"

"கூலி வேலைங்க சாமி."

"அப்ப வலிக்கத்தான் செய்யும். வேலையக் கொறச்சுக்க."

ஒரு ஊசி, பத்து மாத்திரை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அடுத்த முறை போனாலும் அதே ஊசி, அதே பத்து மாத்திரை. ஒரு தடவையாவது முதுகைத் தொட்டுப் பார்த்தாரா என்று கேட்டேன். "அவரு எதுக்குடா தொடறாரு" என்றார் அம்மா.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வரிசையில் இருநூறு பேர் நின்றார்கள், டாக்டர் ஒருத்தர்தான். அவர் மட்டும் கெட்டவர் என்று சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. ஆனால் 'கூலி வேலை, அப்ப வலிக்கத்தான் செய்யும்' என்கிற வாக்கியத்தை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? மருத்துவக் கல்லூரிப் பாடத்தில் அது இல்லை. அது ஊரிலிருந்து வந்தது. உழைக்கிற உடம்புக்கு வலி இயற்கை, அதற்கு வைத்தியம் தேவையில்லை என்கிற சாதிய ஞானம் அது.

அப்புறம் ஊருக்குள்ளேயே ஒருத்தர், பட்டம் கிடையாது, பெட்டி மட்டும் உண்டு, ஊசி போடுவார். போட்ட அன்றைக்கு ராத்திரி அம்மா தூங்குவார். 'கைராசிக்காரரு' என்பார். ஒரு வருஷத்தில் முகம் வீங்கியது, சர்க்கரை ஏறியது. பிறகுதான் தெரிந்தது, அது ஸ்டீராய்டு. கடையில் அம்மா சொந்தமாக வாங்கிப் போட்ட வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கின. டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை வருஷக்கணக்கில் தினமும் தின்றால் குடலில் ரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும். நம் தெருவில் எத்தனை பேர் இதை டீயோடு சேர்த்துக் குடிக்கிறார்கள் என்று கணக்கெடுத்துப் பாருங்கள். தின்னால்தான் வேலைக்குப் போக முடியும், வேலைக்குப் போனால்தான் வலி.

இப்போது என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். அந்த வருஷங்களில்தான் நான் கவிதை எழுத ஆரம்பித்தேன். அம்மாவைப் பற்றி ஒரு கவிதை. அம்மாவின் முதுகு இரும்பு, கருங்கல், எதற்கும் வளையாதது என்கிற மாதிரி. கூட்டங்களில் கைதட்டு கிடைத்தது. ஒருநாள் வீட்டில் தம்பி அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினான். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "இரும்புன்னு எழுதிட்டியாடா? அப்ப டாக்டருகிட்ட நான் இன்னாத்தச் சொல்றது?"

தோழர்களே, அதற்கப்புறம் அந்தக் கவிதையை நான் எங்கேயும் வாசிக்கவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதும் நான் எழுதியதும் ஒன்றுதான். அவர் அலட்சியமாகச் சொன்னார், நான் பெருமையாகச் சொன்னேன். 'இந்த உடம்பு தாங்கும்' என்று இரண்டு பேரும் தீர்ப்பு எழுதினோம். ஆண்டைக்கு வசதியான ஒரு பொய்யை எடுத்து நான் எதுகை போட்டிருக்கிறேன்.

இந்தப் பொய்க்கு உலக வரலாறு உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 1840களில் ஜே. மேரியன் சிம்ஸ் என்று ஒரு மருத்துவர். பிரசவத்தில் ஏற்படும் கிழிசலைத் தைக்கும் அறுவைச் சிகிச்சையை அடிமைக் கறுப்புப் பெண்கள்மேல் செய்து செய்து கற்றுக்கொண்டார். மயக்க மருந்து கொடுக்காமல். அனார்கா, பெட்ஸி, லூசி என்று மூன்று பெயர்கள் மட்டும் நமக்குத் தெரியும். அனார்காவுக்கு மட்டும் சுமார் 30 தடவை. ஈதர் மயக்க மருந்து 1846-இல் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. அப்போதும் கொடுக்கவில்லை. அவரை 'மகளிர் நோய் மருத்துவத்தின் தந்தை' என்றார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அவருடைய சிலையை 2018-இல்தான் அகற்றினார்கள்.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2016-இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்தது. வெள்ளை மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் கேட்டார்கள். கறுப்பர்களின் தோல் தடிமனானது, நரம்பு முனைகள் உணர்ச்சி குறைந்தவை என்பது மாதிரியான பொய்களில் ஒன்றையாவது பாதிப் பேர் நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பு நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். நம் நாட்டில் சேரிக்காரர்களின் தோலைப் பற்றி டாக்டர்கள் என்ன நம்புகிறார்கள் என்று இதே மாதிரி கேட்டுப் பார்க்க வேண்டாமா? இங்கே இருக்கிற மருத்துவ மாணவர்கள் யோசியுங்கள்.

நம்மிடமும் ஆவணம் இருக்கிறது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்கிற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அண்ணல் அம்பேத்கர் ஒரு சம்பவத்தை எடுத்து வைக்கிறார். கத்தியவாரில் தலித் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதி, 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வந்த கடிதம் அது. பிரசவித்த மனைவிக்குக் காய்ச்சல். டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரிய மனுஷர்களிடம் கெஞ்சி, இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு ஒத்துக்கொள்கிறார். அந்தப் பச்சை உடம்புக்காரியைக் குழந்தையோடு சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார், அவர் கணவனிடம், கணவன் மனைவியிடம். அதே வழியில் தெர்மாமீட்டர் திரும்புகிறது. நிமோனியா என்கிறார். மருந்து வருகிறது. மறுபடி வந்து பார்க்க மறுக்கிறார். அந்தப் பெண் செத்துப்போனாள்.

தெர்மாமீட்டருக்காவது அளவு உண்டு. மூணு கை மாறினாலும் பாதரசம் பொய் சொல்லாது. வலிக்கு அப்படி ஒரு கருவி கிடையாது. நோயாளியின் வாய்தான் கருவி. அவள் சொல்வதை நம்பினால்தான் வலி இருக்கிறது. இதனால்தான் மற்ற நோய்களைவிட வலியில் சாதி இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. யார் சொல்வதை நம்பலாம், யார் சொல்வது 'சோம்பேறித்தனம்', யார் சொல்வது 'நடிப்பு' என்று இங்கே ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது.

சொல்வதற்கு நம்மிடம் வார்த்தை இல்லையா? குத்துது, குடையுது, கடுக்குது, உளையுது, எரியுது, சுண்டி இழுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, மரத்துப்போச்சு, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. எந்தக் கவிஞனிடமும் இத்தனை நுட்பம் கிடையாது. இவையெல்லாம் வைத்தியத்துக்குத் துப்பு கொடுக்கிற வார்த்தைகள். எரியுது, சுண்டி இழுக்குது, எறும்பு ஊருது என்றால் நரம்பு பாதித்திருக்கலாம். அதற்குச் சாதாரண வலி மாத்திரை பெரும்பாலும் கேட்காது, மருந்தே வேறு. இத்தனையையும் சேர்த்து 'உடம்பு வலி' என்று ஒரே சொல்லில் சீட்டில் எழுதிவிட்டால் எப்படி?

கடைசியில் ஒரு டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, "எப்படி வலிக்குதும்மா?" என்று கேட்டார். அம்மா, "இடுப்புலேருந்து குதிகால் வரைக்கும் கரண்டு பாயற மாதிரி எரியுதும்மா" என்றார். தண்டுவடத்தில் நரம்பு நசுங்கியிருந்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அமிட்ரிப்டிலின் மாத்திரையைச் சிறிய அளவில் கொடுத்தார். விலை மலிவு. உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். வலி முழுசாகப் போகவில்லை, பாதி போனது. அம்மா தூங்கினார். அந்தக் கேள்விக்கு 12 வருஷம் ஆனது. அதுவும் எனக்கு வங்கி வேலை இருந்ததால், லீவு போட்டு டவுனுக்குக் கூட்டிப்போக முடிந்ததால். இல்லாதவர்கள்?

இன்னொரு வலி இருக்கிறது, புற்றுநோய் வலி. இதில் அரசே குற்றவாளி. அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின் மலிவான மருந்து. 1986-இலேயே உலக சுகாதார நிறுவனம் கடுமையான புற்றுநோய் வலிக்கு அதைப் படிப்படியாகக் கொடுக்கும் முறையை வகுத்துவிட்டது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது. காஜிபூரில் வெள்ளைக்காரன் காலத்து அபின் தொழிற்சாலை இருக்கிறது. நாம் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தோம். ஆனால் 1985 போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, நாலைந்து உரிமங்கள் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தால்தான் ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வைத்திருக்க முடியும் என்றானது. தப்பினால் குறைந்தபட்சம் பத்து வருஷ ஜெயில். எந்த டாக்டர் தொடுவான்? 1997-இல் இத்தனை கோடி மக்கள் இருந்த நாட்டில் வருஷம் முழுக்கப் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ. மற்றவர்கள் கத்திக்கொண்டே செத்தார்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு ஒரே உரிமம் போதும் என்றானது. திருத்தம் ஏட்டில் இருக்கிறது. மருந்து உங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கிறதா, போய்க் கேளுங்கள்.

நாளைக்கே எல்லா முதுகு வலிக்கும் மார்ஃபின் கொடு என்று கோஷம் போடச் சொல்லவில்லை. அமெரிக்காவில் கம்பெனிகள் லாபத்துக்காக இந்த வகை மாத்திரைகளை அள்ளி வீசி லட்சக்கணக்கில் சாவு விழுந்தது நமக்குத் தெரியும். நீண்டநாள் முதுகு வலிக்கு வைத்தியம் வேறு. அந்த வேறும் நமக்குக் கிடைக்கவில்லை, சாகிறவனுக்கு மார்ஃபினும் கிடைக்கவில்லை என்பதுதான் என் புகார்.

முடியாத காரியமில்லை. பக்கத்துக் கேரளத்தில் 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சின்னதாக ஆரம்பித்தார்கள். பிறகு மலப்புறத்தில் தெருவில் உள்ள சாதாரண மனிதர்களே பயிற்சி எடுத்து, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார்கள். 2008-இல் அந்த மாநிலம் வலிநீக்க ஆதரவுச் சிகிச்சைக்குக் கொள்கையே வகுத்தது. இங்கேயும் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்லது. அந்த வண்டி ஊர்த்தெருவில் நின்றுவிடுகிறதா, சேரிக்குள் வருகிறதா? வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, தொட்டுப் பார்க்கிறாரா? 1929-இன் தெர்மாமீட்டர் எத்தனை கை மாறுகிறது? இதைக் கவனிப்பது இயக்க வேலை.

ஒவ்வொரு கிளையும் தன் தெருவில் மூணு மாசத்துக்கு மேல் வலியோடு இருப்பவர்கள் யார், என்ன வேலை செய்தார்கள், என்ன மாத்திரை தின்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். மூணு மாசம் தாண்டிய வலியைத் தனி நோயாகவே உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப்பட்டியல் ஏற்றுக்கொள்கிறது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவோம். படித்த பிள்ளை ஒருத்தர் பெரியவர்களோடு கூடப் போகட்டும். அவர்களுக்குப் பதிலாகப் பேச வேண்டாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காந்து சொல்லுங்க ஆயா" என்று சொன்னால் போதும்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். அரசியல் சட்டத்தை எழுதிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில் அண்ணலுக்குத் தூக்கம் இல்லை. சர்க்கரை நோய், கால்களில் நரம்பு வலி, இன்சுலின். சிகிச்சைக்காகப் பம்பாய் போன இடத்தில்தான் மருத்துவர் சாரதா கபீரைச் சந்திக்கிறார், 1948 ஏப்ரலில் மணக்கிறார், அவரே உடனிருந்து பார்த்துக்கொள்கிறார். விரல் நீட்டி நிற்கிற சிலையைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கால்கள் வலித்தன என்பதை நாம் சொல்வதில்லை. சொன்னால் அவர் குறைந்துவிட மாட்டார். அவரே வைத்தியம் தேடினார். தாங்கிக்கொள்வதே பெருமை என்று அவர் நினைக்கவில்லை.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமோ ஆயாவிடமோ கேளுங்கள்: எங்க வலிக்குது, எப்படி வலிக்குது? அவர்கள் முதலில் "ஒண்ணுமில்ல போடா" என்பார்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.

ஜெய்பீம்.